எந்த ஆண்டாள்?

போன வாரம் ஒரு சாயங்காலம் வாசலில் நின்று செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். முதுகில் பெரிய பை மாட்டிய பையன் ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு, கையிலிருந்த போனையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தான். எங்கள் தெருவில் யாராவது வந்து முழித்தால் எனக்குக் கை வேலை ஓடாது, வாய்தான் ஓடும்.

"யாரு வேணும் தம்பி?"

"ஆண்டாள்னு ஒரு மேடம்."

"எந்த ஆண்டாள்?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவனாக இருந்தால் புரிந்திருக்கும். கோயிலும் தேரும் யார் பெயரைச் சொல்லி நிற்கிறதோ அவள் பெயரைப் பெண்பிள்ளைக்கு வைக்காத வீடு இந்த ஊரில் கொஞ்சம்தான். டீச்சர் ஆண்டாளா, பால்கோவா ஆண்டாளா என்று நான் வரிசையை ஆரம்பிப்பதற்குள், "இல்ல மேடம், லொக்கேஷன் காட்டுது" என்று சொல்லிவிட்டு நேராகப் போய் ஒரு கேட்டைத் தட்டினான். சரியான வீடுதான். பார்சலைக் கொடுத்தான், ஒரு போட்டோ பிடித்தான், போய்விட்டான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை வருஷம் இந்தத் தெருவில் இருந்து நான் சேர்த்து வைத்திருக்கிற அறிவுக்கு இனிமேல் ஒரு வேலையும் இல்லை போலிருக்கிறது.

அந்த அறிவு எனக்கு வந்த கதையைச் சொல்கிறேன். தெருவிலேயே ஆண்டாள் இல்லாத வீடு எங்களுடையதுதான். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் தெருவிலிருந்த அத்தனை ஆண்டாள்களையும் பிரித்து அறிகிற பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில்தான் போன் இருந்தது.

எழுதிப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய போன் அது. வந்த அன்றைக்கு அப்பா ஜெபம் பண்ணித்தான் ரிசீவரைத் தொட்டார். முன்னறையில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் அக்கா பின்னிக் கொடுத்த குரோஷா துணி, அதன் மேல் போன், போனுக்கு மேல் இன்னொரு குரோஷா துணி. எனக்கு அந்த மாதிரி ஒரு சட்டை பின்னிக் கொடுங்கள் என்று நான் கேட்டு நடக்கவில்லை. மணி அடித்தால் அப்பா எழுந்து நின்றுதான் எடுப்பார். ஹலோ சொல்ல மாட்டார். "தோத்திரம்! ஸ்ரீவில்லிபுத்தூர்!" என்பார், தெருக்கோடி வரை கேட்கும். ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று அம்மா கேட்டால், "டெல்லியில இருந்து பேசுதான். மெதுவா பேசினா எப்படிட்டி போய்ச் சேரும்?" என்பார். பக்கத்து ஊரான மம்சாபுரத்தோடு பேசும்போது மட்டும் நியாயமாகக் குரலைக் குறைத்துக்கொள்வார்.

தெருவில் எல்லோருக்கும் அப்பா அந்த நம்பரை வாரி வழங்கிவிட்டார். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, வேலைக்குப் போடுகிற மனு, எதில் பார்த்தாலும் எங்கள் நம்பர், பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்து. பி.பி. என்றால் இது அடுத்த வீட்டுப் போன், சொன்னால் கூப்பிட்டு விடுவார்கள் என்று அர்த்தம். அதை விரித்துச் சொல்ல எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது என் மகளிடம் கேட்டால் ரத்தக்கொதிப்பு என்பாள். அம்மாவைப் பொறுத்தவரை அதுவும் சரிதான்.

முறை எப்படியென்றால், முதலில் ஒருவர் கூப்பிட்டு ஆளைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நம் வீட்டு ஆள் ஓடிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மணி அடிக்கும். அதற்குள் வந்தவர் வேர்க்க விறுவிறுக்க ஸ்டூல் பக்கத்தில் நிற்பார். நாங்கள் வீட்டுக்காரர்கள், பேப்பர் படிக்கிற மாதிரியும் அரிசி புடைக்கிற மாதிரியும் அங்கேயே இருப்போம். அடுத்தவர் பேசுவதைக் கேட்கக் கூடாது என்ற நாகரிகம் எங்களுக்கு இல்லாமல் இல்லை. இருந்தது ஒரே அறை.

பேசிவிட்டுப் போகிறவர்களின் வாசனை ரிசீவரில் தங்கிவிடும். தேங்காய் எண்ணெய், மூக்குப்பொடி, புகையிலை, புதுக் கல்யாணப் பெண்ணின் பவுடர். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கடைசியாக யார் பேசினார்கள் என்று என்னால் சொல்ல முடியும். அம்மா ராத்திரி படுக்கப்போகும் முன் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள்.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் படித்தவள் என்று பெயர். ஆபீசில் அத்தனை பேரும் வேர்த்து வடிய, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். தெலுங்கு பேசுகிற மானேஜர் ஒருவர் கண்ணாடிக்கு வெளியே நின்று, நான் கீபோர்டைத் தட்டும் போதெல்லாம் "மெல்லகா, மெல்லகா" என்பார். மெதுவாகத் தட்டம்மா என்று அர்த்தம். அடித்தால் அதற்கு வலிக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். சாயங்காலம் வேலை முடிந்ததும் அதற்கு உறை மாட்டிவிட்டு பஸ் ஏறுவேன். வீட்டுக்கு வந்தால் இங்கே போன் குரோஷா போர்த்தி உட்கார்ந்திருக்கும். மெஷின்களுக்கெல்லாம் துணி உடுத்திவிட்ட காலம் அது. அதுவும் மரியாதையாகத்தான் இருந்தது.

விட்ட இடத்துக்கு வருகிறேன். ஆண்டாள்கள். தெருமுனையில் கறிச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவள் மிலிட்டரி ஆண்டாள். எங்கள் பக்கத்தில் கறிச் சாப்பாட்டுக் கடைக்கு மிலிட்டரி ஓட்டல் என்று பெயர், பட்டாளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முதலில் 'ஆண்டாள் மிலிட்டரி ஓட்டல்' என்றுதான் போர்டு எழுதியிருந்தாள். நாச்சியார் பெயருக்குக் கீழே ஆட்டுக்கால் படம் போடலாமா என்று கோயில் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து முகம் சுளித்ததும், தன் பெயர் மேல் வெள்ளை அடித்துவிட்டாள். போர்டில் அழிந்தது ஊர் வாயில் ஒட்டிக்கொண்டது. மிலிட்டரி ஆண்டாள் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஐம்பது வயசு இருக்கும். கட்டின புருஷன் குடித்தே செத்துப்போயிருந்தான். இருந்தவரை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏய்"தான் என்று அம்மா சொல்வாள். லாரி டிரைவர்களே அவள் சத்தத்துக்குப் பயந்து தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் கம்ப்யூட்டர்காரி என்று எனக்கு மட்டும் குழம்பில் ஈரல் துண்டு தேடிப் போடுவாள்.

இன்னொருத்தி மம்சாபுரம் ஆண்டாள். அவளுக்கு என் வயசுதான். மம்சாபுரத்தில் பிறந்து மகாராஜபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் உண்மையான மிலிட்டரி, வடக்கே எங்கோ மலை மேல் இருந்தார். இவள் டீச்சர் டிரெயினிங் சேர்ந்துவிட்டு, எங்கள் தெருவில் டீச்சர் ஆண்டாள் வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அறை பிடித்துத் தங்கிப் படித்தாள். அது மாமியாருக்குச் சம்மதமில்லை. அந்த அம்மா கெட்டவர் கிடையாது. புருஷன் இல்லாமல் நிலம் நீச்சைக் கட்டி ஆண்டவர். மகன் பட்டாளத்தில், மருமகள் தனியாக வாடகை வீட்டில், ஊர் என்ன பேசும் என்று அவருக்கு இருந்தது. போன லீவில் அதைச் சொல்லித்தான் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டிருக்கிறார்கள். லீவு முடிந்து பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறியவர் இவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அதற்குப் பிறகு இவள் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. எங்கள் பி.பி. நம்பரையும் அதில்தான் எழுதி அனுப்பியிருந்தாள். "என்னய வெறுத்துட்டாவளோ என்னமோக்கா" என்று பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் என்னிடம் சொன்னாள். என் வயசுக்காரி என்னை அக்கா என்றது உறுத்தினாலும், அந்த முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமியார் வருவார். கூட்டிக்கொண்டு போகத்தான். "அவிய சொல்லட்டும் அத்த, அன்னைக்கே வாரேன்" என்று இவள் தள்ளிக்கொண்டே வந்தாள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்கே தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வேன் பிடித்து வந்துவிட்டார். சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டுதான் திரும்புவேன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் அந்தப் பின்கட்டுக்குள் நுழைந்தார்.

நாங்கள் சர்ச்சிலிருந்து வந்து அப்போதுதான் இலை போட்டிருந்தோம். மணி அடித்தது. அப்பா எச்சில் கையோடு எழுந்து இடது கையால் எடுத்தார். "தோத்திரம்! ஸ்ரீவில்லிபுத்தூர்!" அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அப்பா, "ஆங்? ஆங்? யாரு? மிலிட்டரியா? ஆண்டாளா? சரி சரி, பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க!" என்று கத்திவிட்டு வைத்தார். மிலிட்டரியிலிருந்து பேசுகிறேன், ஆண்டாளைக் கூப்பிடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்பா காதில் விழுந்தது மிலிட்டரி, ஆண்டாள். எங்கள் தெருவில் அது யார் என்பதில் யாருக்கு என்ன சந்தேகம்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிலிட்டரி ஓட்டல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலு பேர் பின்னால் நின்று இடம் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பா போய்ச் சொன்னதும் அவள் கையில் பிடித்த அகப்பையோடு வந்தாள். "எவன் அண்ணாச்சி அது, இந்நேரத்துல ஆடர் சொல்லுதவன்? எம்புட்டுப் பேருக்காம்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவளோடு மல்லியும் மிளகும் வறுத்த வாசனையும் வந்து எங்கள் சாம்பாரை அமுக்கிவிட்டது.

மணி அடித்தது. எடுத்தாள்.

"அலோ! யாருப்பா?"

அப்போதைய லைனில் ஒரு கோளாறு உண்டு. சில சமயம் அங்கே பேசுவது இங்கே கேட்கும், இங்கே பேசுவது அங்கே போகாது. அன்றைக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. இவள் இரண்டு தடவை "யாருப்பா, யாருப்பா" என்று அதட்டினாள். அப்புறம் நின்றுவிட்டாள். நாங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அகப்பை பிடித்த கை மெதுவாக இறங்கியது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "ம்" என்றாள். யாருக்கும் கேட்காத "ம்". நாங்கள் கேட்டே பழகாத குரல் அது. கொஞ்ச நேரத்தில் லைன் அறுந்துபோன சத்தம் எங்களுக்கே கேட்டது, அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அம்மாதான் போய் வாங்கி வைத்தாள்.

"யாருக்கா போன்ல? துட்டிச் செய்தியா? யாரும் தவறிட்டாவளா?"

"இல்லம்மா" என்றாள் மிலிட்டரி ஆண்டாள். "எனக்கு வந்தது இல்ல இது. அந்த மம்சாபுரத்துப் புள்ளைக்கு வந்தது. அவ வீட்டுக்காரன். நான் பேசுறது அவனுக்குக் கேக்கல. பின்னாடி ஆளு நிக்கி, செத்த நேரந்தான் இருக்கு, நீ பேசாண்டாம், கேட்டா மட்டும் போதும்னு சொன்னான். நான் எங்க வைக்க?"

அவர் மறுபடி கூப்பிடுவாரா என்று அப்பா கேட்டார். மலை மேல் போகிறாராம். பனி உருகுகிறவரை அங்கே போனும் இல்லை, கடிதமும் இல்லை. தெருக்கோடியில் வேனில் சாமான் ஏற்றுகிற சத்தம் கேட்டது. மிலிட்டரி ஆண்டாள் எழுந்தாள். கடையில் ஆட்கள் காத்திருப்பதையும் மறந்து அந்தப் பக்கம் நடந்தாள். அம்மாவும் நானும் கை கழுவாமல் பின்னால் போனோம்.

வாசலில் டிரங்குப் பெட்டி வந்துவிட்டது. மம்சாபுரம் ஆண்டாள் பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மிலிட்டரி ஆண்டாள் தன் பழைய சத்தத்தை வரவழைத்துக்கொண்டு, "உங்க மவன் போன் பண்ணினான் ஆத்தா. படிப்ப முடிச்சிட்டுத்தான் ஊருக்கு வரணுமாம். எங்கம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுன்னு சொன்னான்" என்றாள்.

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். அகப்பையையும் பார்த்தார். "எம்மவன், பெண்டாட்டிய விட்டுட்டு ஓட்டல்காரிகிட்ட போன் பண்ணிச் சொன்னானாக்கும். ஏட்டி, ரெண்டு பேரும் சேர்ந்து கத கட்டிவிடுதீயளா?"

நியாயமான கேள்விதான். யார் நம்புவார்கள்? அம்மா ஏதோ சொல்லப் போனாள். அவளைச் சாட்சியாக வைத்து என்ன பிரயோஜனம், நாங்கள் கேட்டதெல்லாம் அந்த ஒரு "ம்"தானே. மம்சாபுரம் ஆண்டாளும் நம்பவில்லை. தன் மேல் இரக்கப்பட்டு இந்த அம்மா பொய் சொல்கிறாள் என்றுதான் அவள் முகம் சொல்லிற்று. பாயை வேனில் வைக்கத் திரும்பிவிட்டாள்.

மிலிட்டரி ஆண்டாள் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "பஸ் ஸ்டாண்டுல திரும்பிப் பாக்காமப் போனானாமே. பாத்தா அழுதுருவேன்னுதான் பாக்கலயாம்." அவ்வளவுதான் வெளியே சொன்னாள். பிறகு குனிந்து, அந்தப் பெண்ணின் காதில் வாயை வைத்து ஒரு வார்த்தை சொன்னாள். ஒரே வார்த்தை. அவர் அவளைக் கூப்பிடுகிற பெயர். ஊர் வைத்த பெயர் இல்லை, அவர் வைத்தது. அதைச் சொல்வதற்கு மிலிட்டரி ஆண்டாளுக்கு முகமெல்லாம் சிவந்து வேர்த்துவிட்டது.

மம்சாபுரம் ஆண்டாள் கையிலிருந்த பாயைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். மாமியார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். காதில் சொன்னது என்ன என்று கேட்கவில்லை. புருஷன் சொல்லைக் கேட்ட முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? டிரைவரைப் பார்த்து, "ஏலே, பெட்டிய உள்ள வையி" என்றார். பிறகு மருமகளிடம், "பரீச்ச எப்பட்டி?" என்றார். கொண்டுவந்த தேங்காயையும் கத்திரிக்காயையும் இறக்கி வைத்துவிட்டு, வெறும் வேனில் மகாராஜபுரத்துக்குப் போனார்.

பரீட்சை எழுதினாள், பாஸ் பண்ணினாள், டீச்சரானாள். அதோடு எங்கள் தெருவில் டீச்சர் ஆண்டாள் என்று இரண்டு பேர் ஆகிவிட்டார்கள், எங்கள் தலைவலியும் இரண்டு பங்காயிற்று. பனி உருகி அவர் லீவில் வந்தபோது நடந்தது தெரிந்து, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நேரே ஓட்டலுக்குப் போனார். "அக்கா எங்க?" என்று கேட்டிருக்கிறார். லாரிக்காரர்களை அதட்டுகிற அந்த அக்கா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை வெளியே தலை காட்டவில்லை. கறியும் ஈரலுமாகத் தட்டு மட்டும் உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்ததாம். கடைசிவரை அவர் எதிரில் அவள் நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெயர் என்ன என்று அம்மா எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். "அது என்னோடது இல்லம்மா, நான் எப்படிச் சொல்ல?" என்பாள் மிலிட்டரி ஆண்டாள்.

அப்புறம் வீட்டுக்கு வீடு போன் வந்தது. பிறகு சட்டைப்பைக்கு ஒன்று, பிறகு ஆளுக்கு இரண்டு. பி.பி. என்ற எழுத்து பத்திரிகைகளிலிருந்து போயிற்று. யாரும் யாரையும் கூப்பிட ஓடவேண்டியதில்லை. அது நல்லதுதான். அம்மாவின் சாப்பாடு ஆறாமல் இருந்தது. அடுத்தவர் வீட்டில் நின்றுகொண்டு, இருக்கிறேன், சாப்பிட்டேன், சரி என்று மூன்று வார்த்தையில் மனசை முடித்துக்கொண்ட பெண்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கஷ்டம் திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கு என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறாள், பேசட்டும். மிலிட்டரி ஆண்டாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கழிந்து ஒரு மாதம் போல இருக்கும். மத்தியான வியாபாரம் முடிந்து மிலிட்டரி ஆண்டாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குளித்து, தலை சீவி, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். எதற்கு வந்தாள் என்று தெரியவில்லை. அம்மா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு ஸ்டூல் பக்கம் பார்த்தாள்.

"ஏம்மா, அன்னைக்கு மாதிரி தப்பா இன்னொரு வாட்டி வருமா?"

நான் சிரிக்கப் போனேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கும் எடக்காகப் பதில் சொல்கிற என் அம்மா, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "வரும்க்கா. வராம எங்க போவும்?" என்றாள்.

வரவில்லை. ஆனால் அம்மா சொன்னதைப் பொய் என்றும் அன்றைக்குச் சொல்லிவிட முடியாது. அப்போதெல்லாம் தப்பாக வருவதற்கு ஒரு வழி இருந்தது. இப்போது அது இல்லை.